ரிப்போர்ட் யார் கைக்குப் போகிறது?

2017 ஜூலை கடைசியில் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 12,000 பேருக்கு ஒரு கடிதம் போனது. அனுப்பியது ஏட்னா என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம். முகவரி மட்டும் வெளியே தெரியும்படி முன்பக்கம் ஜன்னல் வைத்த உறை அது. நம் ஊரில் பேங்கிலிருந்து வருமே, அதே மாதிரி. உள்ளே இருந்த தாளில் முகவரிக்குக் கீழேயே விஷயம் தொடங்கிவிட்டது. உறைக்குள் தாள் கொஞ்சம் நகர்ந்ததும் அந்த வரிகளும் ஜன்னல் வழியாகத் தெரிந்தன. தெரிந்தது, 'எச்.ஐ.வி. மருந்து' என்ற வார்த்தைகள்.

வீட்டில் இருந்தவர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் அதைப் பார்த்துவிட்டார்கள் என்று புகார்கள் குவிந்தன. அந்தக் கடிதம் எதற்காகப் போனது என்பதுதான் இன்னும் வேதனை. எச்.ஐ.வி. மருந்தைத் தபாலில் மட்டுமே வாங்க வேண்டும் என்று முன்பு அந்த நிறுவனம் வைத்திருந்த விதியை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டிருந்தார்கள். வீட்டுக்குப் பார்சல் வந்தால் அக்கம்பக்கம் தெரிந்துவிடும், எங்கள் அந்தரங்கம் போய்விடும் என்பது அவர்கள் வாதம். வழக்கு சமரசத்தில் முடிந்தது. இனிமேல் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று தெரிவிக்கத்தான் இந்தக் கடிதம். அந்தரங்கத்துக்காகப் போராடியவர்களின் அந்தரங்கம், அந்தப் போராட்டத்தின் முடிவைச் சொன்ன உறையிலேயே தெருவுக்கு வந்தது. 2018 ஜனவரியில் சுமார் 1.7 கோடி டாலர் நஷ்ட ஈடு தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

அதே 2017 செப்டம்பரில் இன்னொன்றும் நடந்தது. இதயத் துடிப்புக் கோளாறு பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக அதே நிறுவனம் 1,600 பேருக்குக் கடிதம் அனுப்பியது. இந்த முறை ஜன்னல் பிரச்சினை இல்லை. உறையின் மேலேயே அந்த ஆராய்ச்சியின் பெயரும் சின்னமும் அச்சாகியிருந்தன. உறையைக் கையில் வாங்கும் எவருக்கும், உள்ளே பிரிக்காமலேயே, இவருக்கு இதயத்தில் கோளாறு என்று புரிந்துவிடும்.

இரண்டு சம்பவத்திலும் யாரும் எதையும் திருடவில்லை, எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கடிதம் சரியான முகவரிக்கே போனது, சரியான நேரத்தில் போனது. நோயாளியின் தகவலைப் பாதுகாப்பாக அனுப்புவது எப்படி என்று பேச ஆரம்பித்தால் நம் மனம் உடனே ஹேக்கர், வைரஸ், பாஸ்வேர்டு என்று போகிறது. அவையும் முக்கியம்தான், அதையும் பார்ப்போம். ஆனால் இந்தத் துறையில் நடந்த தவறுகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வருகிறது: வழியில் கசிவதைவிட, அனுப்பும் கையிலும் வாங்கும் கையிலும் கசிவதுதான் அதிகம் காயப்படுத்துகிறது.

ஒரு பட்டியலே நோய்க்குறிப்பு ஆனபோது

மின்னஞ்சலில் இதற்குச் சமமான கதை லண்டனில் நடந்தது. 56 டீன் ஸ்ட்ரீட் என்பது அங்கே பாலியல் நலத்துக்கான பெயர்பெற்ற கிளினிக். 2015 செப்டம்பர் 1 அன்று அங்கிருந்து ஒரு செய்திமடல் மின்னஞ்சலில் போனது. செய்திமடலில் எந்த நோயாளியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் 781 பேரின் முகவரிகளையும், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பிசிசி கட்டத்தில் போடாமல், எல்லாருக்கும் தெரியும் 'டு' கட்டத்தில் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதில் 730 முகவரிகளில் முழுப் பெயரே இருந்தது. மடலைத் திறந்த ஒவ்வொருவரும் மற்ற அத்தனை பேரையும் பார்த்தார்கள். அலுவலக நண்பர், பழைய காதலர், ஒரே தெருக்காரர் என்று யார் பெயர் வேண்டுமானாலும் அதில் இருந்திருக்கலாம்.

அந்தப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் எச்.ஐ.வி. இல்லை. ஆனால் அந்தச் செய்திமடல் பெரும்பாலும் எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான சேவையோடு சேர்ந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? 2016 மே மாதம் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்தக் கிளினிக்கை நடத்திய அரசு மருத்துவ அமைப்புக்கு 1,80,000 பவுண்டு அபராதம் விதித்தது. விசாரணையில் வெளிவந்த இன்னொரு விவரம் முக்கியமானது. 2010-லேயே இதே மாதிரி 17 பேருக்குப் போன ஒரு மின்னஞ்சலில் இதே தவறு நடந்திருந்தது. அப்போது சில மாற்றங்கள் செய்தார்கள். ஆனால் கைதவறினாலும் காப்பாற்றும் ஏற்பாடு எதையும் செய்யவில்லை.

நான்கு வருடம் கழித்து, 2019-ல், ஸ்காட்லாந்தில் என்.எச்.எஸ். ஹைலேண்ட் என்ற அரசு மருத்துவ அமைப்பிலும் இதே கதை. எச்.ஐ.வி. சேவை பெறக்கூடிய 37 பேருக்குப் போன மின்னஞ்சலில் பிசிசிக்குப் பதில், எல்லாருக்கும் முகவரி தெரியும் சிசி. ஊழியர்களைத் திட்டி இதைத் தீர்க்க முடியாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அந்த இரண்டு கட்டமும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருக்கின்றன. ஒரு நாள் களைப்பில் யாராவது தவறான கட்டத்தில்தான் ஒட்டுவார்கள். எனவே இந்த மாதிரி இடங்களில் பிசிசியையே நம்பக் கூடாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிதமாகப் போகும் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். அதில் மற்றவர் முகவரி தெரிவதற்கு வழியே கிடையாது.

போஸ்ட்கார்டா, மூடிய கடிதமா?

மின்னஞ்சல் என்பது போஸ்ட்கார்டு மாதிரி, வழியில் எவரும் படிக்கலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லப்படுகிறது. ஒரு காலத்தில் அது அப்படியே உண்மை. இப்போது பாதி உண்மை.

நீங்கள் 'அனுப்பு' என்று அழுத்தியதும் கடிதம் உங்கள் மின்னஞ்சல் சேவையின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து பெறுபவரின் சேவையின் சர்வருக்கு. அங்கிருந்து அவர் போனுக்கு. நடுவில் உள்ள பயணத்தின்போது இரண்டு சர்வர்களும் முதலில் ஒரு சின்னப் பேச்சு நடத்துகின்றன: 'பூட்டிப் பேசலாமா?' எதிர்ப்பக்கம் 'சரி' என்றால் டிஎல்எஸ் என்ற முறையில் கடிதம் சங்கேதமாக மாறிப் போகிறது. பெரிய சேவைகளுக்கு இடையே இன்று பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. எதிர்ப்பக்கம் பழைய சர்வராக இருந்து 'எனக்கு அது தெரியாது' என்றால்? வழக்கமான அமைப்பில் கடிதம் நிற்காது. பூட்டில்லாமல் அப்படியே போய்விடும். அனுப்பியவருக்கு அதை யாரும் தட்டிச் சொல்ல மாட்டார்கள். பூட்டு இல்லாவிட்டால் அனுப்பவே அனுப்பாதே என்று சர்வரில் கட்டாயமாக்கி வைக்கலாம். மருத்துவமனையின் கணினிப் பிரிவிடம் நோயாளி கேட்க வேண்டிய நல்ல கேள்வி அது.

சரி, பூட்டிப் போனது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பூட்டு பயணத்துக்கு மட்டும்தான். அனுப்பியவரின் 'சென்ட்' பெட்டியிலும், வாங்கியவரின் இன்பாக்ஸிலும், இரண்டு பேரின் போனிலும், அந்தப் போனின் பேக்கப்பிலும் கடிதம் திறந்தபடி கிடக்கிறது. பத்து வருடம் கழித்தும் கிடக்கும். ஒரு சின்னக் கிளினிக்கின் ஒரே ஜிமெயில் கணக்கை யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, டிஸ்சார்ஜ் சம்மரி. 'உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது, இங்கே சொடுக்குங்கள்' என்ற ஒரே ஒரு போலிக் கடிதத்தில் அந்தப் பாஸ்வேர்டு போனால் அத்தனையும் போயிற்று. அதனால்தான் சங்கேத முறைகளைப் பற்றி விவாதிப்பதற்கு முன்பே, அந்தக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு அடையாளமும் கேட்கும் ஏற்பாடு, போடுங்கள் என்பேன். செலவு கிடையாது, பத்து நிமிட வேலை.

அனுப்பியவர் பூட்டி, பெறுபவர் மட்டுமே திறக்கும் முறைகளும் உண்டு. பிஜிபி 1991-லேயே வந்துவிட்டது. எஸ்-மைம் அதற்குச் சில வருடம் கழித்து. இரண்டிலும், பூட்டவும் திறக்கவும் தேவையான டிஜிட்டல் சாவிகளை இரண்டு பக்கமும் பராமரிக்க வேண்டும். மருத்துவர்களுக்கு இடையே இது சாத்தியம். ஜெர்மனியில் கிம் என்ற பெயரில் மருத்துவத் துறைக்கென்றே ஒரு சங்கேத மின்னஞ்சல் ஏற்பாடு இருக்கிறது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையில் வெளியாளுக்கு அனுப்பும்போது தலைப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் 'செக்யூர்' என்று எழுதினால் கடிதம் பூட்டப்பட்டுப் போகும். ஆனால் திண்டிவனத்தில் இருக்கும் ஒரு பாட்டியிடம் சாவி உருவாக்கச் சொல்ல முடியுமா? அவருக்கு நடைமுறையில் பொருந்துவது வேறு இரண்டு. ஒன்று, கடிதத்தில் ஒரு இணைப்பு மட்டும் அனுப்பி, ஓடிபி போட்டு உள்ளே போய்ப் பார்க்கச் செய்வது. இன்னொன்று, பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப்.

இந்தப் பிடிஎஃப் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதுதான் பரவலாக இருக்கிறது. பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும், இல்லையென்றால் பிறந்த தேதி, இல்லையென்றால் மொபைல் நம்பர்: பாஸ்வேர்டு என்று வைப்பது இவற்றில் ஒன்று. பல நேரம் 'உங்கள் பாஸ்வேர்டு உங்கள் பிறந்த தேதி' என்று அதே கடிதத்திலேயே எழுதியும் விடுகிறார்கள். நூறு வருடத்தில் இருப்பது சுமார் 36,500 தேதிதான். ஒரு சாதாரணக் கணினி அத்தனையையும் போட்டுப் பார்க்க அதிக நேரம் ஆகாது. அதைவிட முக்கியம், யாரிடமிருந்து இதை மறைக்க வேண்டியிருக்கிறதோ அவர்களுக்குத்தான் இந்தத் தேதி நன்றாகத் தெரியும். கணவருக்கு, அண்ணனுக்கு, மாமியாருக்கு, ஆபீஸ் எச்.ஆருக்கு. பாஸ்வேர்டு அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டுமானால் அது யாராலும் யூகிக்க முடியாததாக இருக்க வேண்டும், வேறு வழியில் போக வேண்டும். கடிதம் மின்னஞ்சலில் என்றால் பாஸ்வேர்டு போனில் பேசும்போது வாய்மொழியாக.

இன்னொரு சின்ன விஷயம், பலரும் கவனிக்காதது. எஸ்-மைமோ வழக்கமான பிஜிபியோ போட்டாலும் மின்னஞ்சலின் தலைப்பு வரி பூட்டப்படுவதில்லை. போன் பூட்டியிருக்கும்போதுகூட திரையில் மேலே வந்து எட்டிப் பார்ப்பதும் அந்த வரிதான். 'உங்கள் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு' என்று தலைப்பு எழுதிவிட்டு உள்ளே எவ்வளவு பூட்டுப் போட்டும் பயனில்லை. கோப்பின் பெயரும் அப்படித்தான். ஏட்னா உறையின் ஜன்னலும் இந்தத் தலைப்பு வரியும் ஒன்றுதான்.

நோயாளி கேட்டால்?

அமெரிக்காவில் இதையெல்லாம் ஆள்வது 1996-ல் வந்த ஹிப்பா சட்டம். அதன் அந்தரங்க விதிகள் 2003-லும் பாதுகாப்பு விதிகள் 2005-லும் நடைமுறைக்கு வந்தன. ஹிப்பா என்றாலே மின்னஞ்சல் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மின்னஞ்சலில் அனுப்பலாம், தகுந்த பாதுகாப்போடு அனுப்ப வேண்டும், பொதுவாகத் தேவைக்கு மேல் அனுப்பக் கூடாது என்பதுதான் அதன் போக்கு. 2013-ல் வந்த திருத்தத்தின்போது அரசு தெளிவாகவே சொன்னது: எனக்குச் சாதாரண மின்னஞ்சலிலேயே அனுப்புங்கள் என்று நோயாளி கேட்டால், அதில் உள்ள ஆபத்தை முதலில் எடுத்துச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அவர் கேட்டால் அனுப்புங்கள்.

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. தகவல் யாருடையதோ முடிவும் அவருடையது. பாதுகாப்பு என்ற பெயரில் நோயாளிக்கே அவர் ரிப்போர்ட்டைத் தராமல் இழுத்தடிப்பதும் ஒரு தீங்குதான். இன்னொரு ஊரில் இன்னொரு டாக்டர் காத்திருக்கும்போது ஸ்கேன் வர இரண்டு நாள் தாமதமானால் அது உயிர் சம்பந்தப்பட்டது. இந்தியாவில் 2002-ல் வந்த மருத்துவ நெறிமுறை விதிகளும், நோயாளி மருத்துவ ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன. மூடி வைப்பது, கொடுப்பது இரண்டுமே கடமை.

நோயாளி சொன்னதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கில் ஒரு வழக்கு. ஒருவர் தன் மருத்துவ விவரங்களைத் தன் தபால் பெட்டி எண்ணுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார். மருத்துவமனையிலிருந்து அது அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு ஃபேக்ஸில் போய்விட்டது. அதில் அவருடைய எச்.ஐ.வி. நிலையும் மனநலச் சிகிச்சையும் இருந்தன. 2017-ல் அந்த மருத்துவமனை 3,87,200 டாலர் கட்டியது. அந்த மனிதர் மறுநாள் எப்படி ஆபீஸுக்குப் போயிருப்பார் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஃபேக்ஸ் இன்னுமா என்று கேட்கலாம். மருத்துவத் துறை அதை லேசில் விடவில்லை. ஒரு நம்பரை மாற்றி அழுத்தினால் எங்கோ ஒரு கடையில் காகிதமாக வந்து விழும். விழுந்ததை யார் எடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் 2018-ல் கூட கிட்டத்தட்ட 9,000 ஃபேக்ஸ் எந்திரங்கள் இருப்பதாகக் கணக்கு வந்த பிறகுதான், இனி புதிதாக வாங்கக் கூடாது என்று அந்நாட்டு அரசு உத்தரவு போட்டது.

நம் வீட்டுப் போன்

இனி நம் பக்கம். இங்கே ரிப்போர்ட் மின்னஞ்சலில் வருவதைவிட வாட்ஸ்அப்பில் வருவதுதான் அதிகம். 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளே வாட்ஸ்அப்பையும் மின்னஞ்சலையும் அனுமதிக்கப்பட்ட வழிகளில் சேர்த்திருக்கின்றன. பயணத்தைப் பொறுத்தவரை வாட்ஸ்அப் சாதாரண மின்னஞ்சலைவிடப் பாதுகாப்பானது. 2016 ஏப்ரலிலிருந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பூட்டுதான். பிரச்சினை அந்த முனைகளில் இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி என் போனுக்கு ஒரு பிடிஎஃப் வந்தது. ஒரு ஊரின் பரிசோதனைக் கூடத்திலிருந்து. யாரோ ஒரு பெண்ணின் பெயர், வயது, அனுப்பிய டாக்டர், கீழே கர்ப்பப் பரிசோதனையின் முடிவு. நம்பரில் ஏதோ ஒரு இலக்கத்தைத் தவறாகப் போட்டிருக்கிறார்கள். பாதி படித்த பிறகுதான் இது எனக்கு வரக் கூடாதது என்று புரிந்தது. காலையில் போன் செய்து சொன்னேன். 'அப்படியா சார், டெலிட் பண்ணிடுங்க சார்' என்றார்கள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு இப்படி நடந்தது என்று சொன்னார்களா, தெரியாது. அந்தப் பெயரை நான் மறக்க முயன்றேன். ஆனால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

தவறான நம்பர் ஒரு பக்கம். சரியான நம்பரே ஆபத்தாக இருப்பது இன்னொரு பக்கம், அதுதான் பெரியது. பதிவு செய்யும் இடத்தில் 'மொபைல் நம்பர்?' என்று கேட்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்த அம்மா மகனின் நம்பரைச் சொல்கிறார். கல்யாணமான பெண் கணவரின் நம்பரைச் சொல்கிறார், ஏனென்றால் வீட்டில் ஸ்மார்ட்போன் அவரிடம்தான். கல்லூரிப் பெண் அப்பாவின் நம்பரைச் சொல்கிறாள். அந்த நம்பருக்கு ரிப்போர்ட் வருகிறது. படமாக வந்தால் தானாகவே கேலரியில் இறங்குகிறது, கல்யாணப் போட்டோக்களுக்கு நடுவே கிடக்கிறது. யாரோ 'அண்ணிக்கு என்னாச்சு?' என்று குடும்பக் குரூப்பில் போடுகிறார்கள். பால்வினைத் தொற்று, கருத்தடை, கருக்கலைப்பு, மனநல மருந்து, விந்தணுப் பரிசோதனை என்று இதில் எது வெளியே தெரிந்தாலும் ஒரு குடும்பத்தில் என்னென்ன நடக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அனுப்பும் முனையிலும் இதே கதைதான். பல சின்னக் கிளினிக்குகளில் ரிப்போர்ட் போவது வரவேற்பில் இருக்கும் பிள்ளையின் சொந்தப் போனிலிருந்து. அவர் வேலையை விட்டுப் போகும்போது இரண்டு வருட நோயாளிகளின் ரிப்போர்ட்டும் அவர் பையில் போகிறது. அது அவர் தவறில்லை. வேலைக்கென்று ஒரு போன் வாங்கித் தராதது நடத்துபவரின் தவறு. அப்புறம், வரவேற்பு மேஜைக் கணினியில் திறந்தே கிடக்கும் வாட்ஸ்அப் வெப். டோக்கன் வாங்க நிற்பவர் கண்ணுக்கு நேரே இருக்கும்.

சட்டம் இங்கே இல்லாமல் இல்லை. 2011-ல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நிலை, மனநிலை, மருத்துவ ஆவணம் எல்லாவற்றையும் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தனித்தகவல் என்று வகைப்படுத்தின. எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரின் நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது, ஆவணம் வைத்திருப்பவர்கள் அதற்கான பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. 2017-ன் மனநலச் சட்டத்திலும் ரகசியம் காக்கும் உரிமை இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் சேர்த்த பிரிவின்படி, அந்தப் பெண்ணின் பெயரை வெளியிட்டால் சிறைத் தண்டனை வரை போகலாம்.

இவையெல்லாம் வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்குச் சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கே போதும். உறவினரின் அறுவைச் சிகிச்சைக்காக வெளி மாநிலத்திலிருந்து வந்த ஒருவரிடம் ரத்தம் எடுத்தார்கள், பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரிந்தது. விஷயம் வெளியே போய் 1995 டிசம்பரில் நடக்கவிருந்த அவர் திருமணம் நின்றது. ஊரே பேசியது. 1998-ல் உச்ச நீதிமன்றம், அவர் மணக்கவிருந்த பெண்ணின் உடல்நலமும் ஓர் உரிமை என்று சொல்லி அவர் கேட்ட நஷ்ட ஈட்டை மறுத்தது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் ஊருக்கெல்லாம் தெரிந்தாக வேண்டியதில்லை. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்ன பிறகு நாம் வேறு இடத்தில் நிற்கிறோம்.

இப்போது 2023-ன் டிஜிட்டல் தனித்தகவல் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யாவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவிக்க வேண்டும், இந்தச் சட்டத்தின் கீழ் அமையும் தகவல் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த அவகாசம் முடிந்த பிறகு என் போனுக்கு வந்த அந்தப் பிடிஎஃப் மாதிரி ஒன்று நடந்தால் 'டெலிட் பண்ணிடுங்க சார்' என்று முடிக்க முடியாது, அந்தப் பெண்ணிடம் சொல்லியாக வேண்டும். எனக்கு ஒரே வருத்தம், இந்தச் சட்டம் மருத்துவத் தகவலுக்கென்று தனி வகை எதையும் வைக்கவில்லை. போன் நம்பரும் புற்றுநோய் ரிப்போர்ட்டும் அதில் ஒரே தட்டில் இருக்கின்றன.

தபாலை விட்டுவிடக் கூடாது

காகிதம் இன்னும் போகிறது. பயாப்ஸி முடிவு, இன்சூரன்ஸ் கோப்பு, நீதிமன்றத்துக்கான சான்று எல்லாம் உறையில்தான். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டுவிட்டது. உரியவர் கையில் அல்லது அவர் அனுமதித்தவர் கையில் மட்டும் கொடுக்கும் வசதியை இப்போது ஸ்பீடு போஸ்ட்டில் கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும். சும்மா ஸ்பீடு போஸ்ட் என்று கொடுத்தால் வீட்டில் யார் கையெழுத்துப் போட்டு வாங்கினாலும் சேர்ந்ததாகத்தான் கணக்கு. இதைத் தெரியாமல் 'ரிஜிஸ்டர் பண்ணியாச்சு, பயமில்லை' என்ற பழைய நம்பிக்கையோடு அனுப்பக் கூடாது.

உறையைப் பொறுத்தவரை ஏட்னா கதையே பாடம் நடத்திவிடுகிறது. ஜன்னல் உறை வேண்டாம். தாளை உள்ளே ஒரு வெற்றுத்தாளில் மடித்து வைத்தால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் தெரியாது. அனுப்புநர் இடத்தில் மருத்துவமனையின் பெயர்கூட வேண்டாம், கதவு எண்ணும் தெருவும் பின்கோடும் போதும். முக்கியமாக, பிரிவின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தக் கூடாது. 'மனநலப் பிரிவு', 'புற்றுநோய்ப் பிரிவு', 'ஏ.ஆர்.டி. மையம்' (எச்.ஐ.வி. சிகிச்சை தரும் இடம்) என்று உறையின் மூலையில் நீல மையில் குத்தியதை நானே பார்த்திருக்கிறேன். குத்தியவருக்கு அது அன்றாட வேலை. உறையை வாங்கும் வீட்டுக்கு அது அறிவிப்புப் பலகை.

மின்னஞ்சலுக்குச் சொல்வது என்றால், முதல் தடவை அனுப்பும்போது வெறும் 'வந்ததா?' என்று ஒன்றை அனுப்பிப் பதில் வந்த பிறகு ரிப்போர்ட்டை அனுப்பலாம். முதல் இரண்டு எழுத்து அடித்ததும் பழைய முகவரியைத் தானாக நீட்டும் வசதியை, வேலைக்கான கணக்கில் நிறுத்தி வைப்பது நல்லது. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் நம் ஊரில் அந்த வசதி எத்தனை பேருக்கு வினையாகியிருக்கும்! பழைய ரிப்போர்ட்டுகளை முறையான ஆவணச் சேமிப்பில் வைத்துவிட்டு அனுப்பிய பெட்டியைக் காலி செய்ய வேண்டும். இந்திய மருத்துவ விதிகளின்படி உள்நோயாளிகளின் ஆவணத்தை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆனால் அதை இன்பாக்ஸில் வைத்திருக்கச் சொல்லவில்லை.

இத்தனையும் செய்தாலும், ஒரு கேள்வியைக் கேட்காவிட்டால் எல்லாம் வீண். அந்தக் கேள்வியைக் கேட்டதை ஒரு தடவை பார்த்தேன். மாவட்டத் தலைநகர் ஒன்றில் பரிசோதனைக் கூடம். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கவுன்ட்டரில் இருந்த பிள்ளை சீட்டைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அக்கா, இந்த நம்பர் உங்களோடதா?"

"வீட்டுக்காரரோடது."

"ரிப்போர்ட் இதுக்கே அனுப்பட்டுமாக்கா? இல்ல வேற நம்பர் தர்றீங்களா?"

அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசவில்லை. பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

"எதுக்கும் அனுப்ப வேணாம்மா. நாளைக்கு நானே வந்து வாங்கிக்கிறேன்."

அந்தப் பிள்ளை நம்பரைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் 'நேரில்' என்று எழுதி, சீட்டின் மறுபாதியைக் கிழித்துக் கொடுத்தாள்.